விழுங்கும் கலங்களைக் கண்ட மெச்னிகோவ்

உயர்தர உயிரியல் பாடத்தில் தின்குழியச்செயல் என்றொரு சொல் வரும். நீர், ஒட்சிசன் போன்ற சிறு மூலக்கூறுகள் கலமென்சவ்வினூடாக இலகுவில் உட்சென்றுவிடும். ஆனால் ஒரு பற்றீரியாவை அப்படி உள்ளெடுக்க முடியாது. கலம் தன் மென்சவ்வை நீட்டி அதனைச் சுற்றி வளைத்து, சிறு பையொன்றுக்குள் அடைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பின்னர் இலைசோசோமின் நொதியங்கள் அதனைச் சமிபாடடையச் செய்கின்றன. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தச் சொல்லின் பின்னாலுள்ள மனிதரின் வாழ்க்கையை வாசித்தபோது பாடத்தைவிட அதுவே என் மனதில் ஆழமாகப் பதிந்தது.

இலியா மெச்னிகோவ் 1845ஆம் ஆண்டு, இன்று உக்ரேனிலுள்ள கார்கோவ் நகருக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் பிறந்தார். விலங்கியலில் ஆர்வம் கொண்ட அவர், இளவயதிலேயே தட்டைப்புழுவொன்றின் கலங்கள் உணவைத் தமக்குள்ளே எடுத்துச் சமிபாடடையச் செய்வதை நுணுக்குக்காட்டியில் கண்டார். அப்போது அது அவருக்கு உணவு பற்றிய செய்தியாக மட்டுமே இருந்தது.

அவருடைய இல்லறம் சோதனைகள் நிறைந்தது. முதல் மனைவி லுட்மிலா காசநோயாளி. திருமண நாளிலேயே அவரை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்திற்குத் தூக்கிச் சென்றார்கள். 1873இல் அவர் இறந்தபோது துயரம் தாளாமல் மெச்னிகோவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், ஆயினும் பிழைத்துக்கொண்டார். பின்னர் மணந்த ஒல்கா கடும் காய்ச்சலில் வீழ்ந்து மீண்டார். ஒடெசா பல்கலைக்கழகத்திலும் அரசியல் குழப்பம் சூழ்ந்தது. மீண்டும் ஒருமுறை அவர் உயிரை வெறுத்தார், மீண்டும் பிழைத்தார். உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று கற்று வளர்ந்த எனக்கு, இப்பகுதியை வாசிக்கையில் நெஞ்சு கனத்தது. அவர் இழக்கவிருந்த நாட்களில்தான் அவருடைய பெரும்பணி காத்திருந்தது.

1882இல் பதவியைத் துறந்து, குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குச் சென்றார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தனர். தனித்திருந்த அவர், உடுமீனின் கண்ணாடி போன்ற குடம்பிகளில் அசைந்து திரியும் கலங்களை நோக்கிக்கொண்டிருந்தார். உணவை விழுங்கும் இக்கலங்கள், உடலுக்குள் நுழையும் பகையையும் விழுங்கக்கூடுமோ என்ற எண்ணம் அப்போது பளிச்சிட்டது. தோட்டத்திலிருந்து முட்களை எடுத்து வந்து குடம்பிகளின் தோலுக்குக் கீழே செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. காலையில் பார்த்தபோது கலங்கள் திரண்டு வந்து முட்களைச் சூழ்ந்திருந்தன.

அக்காலத்து மருத்துவர்கள் பலர், வெண்குருதிக்கலங்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்றே நம்பினர். மெச்னிகோவ் அவற்றைக் காவலர்கள் என்றார். 1884இல் தப்னியா எனும் சின்னஞ்சிறு நன்னீர் உயிரியில் இதனை மேலும் உறுதிப்படுத்தினார். கூரிய வித்திகளையுடைய பங்கசு அதன் குடலைத் துளைத்து நுழைந்ததும் குருதிக்கலங்கள் விரைந்து வந்து அவற்றை விழுங்கின. கலங்கள் வென்றால் தப்னியா பிழைத்தது, தோற்றால் மடிந்தது.

1888இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் அவருக்கு இடமளித்தது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. நோயை எதிர்ப்பது கலங்களல்ல, குருதிப்பாயத்திலுள்ள பொருட்களே என்று ஜேர்மனிய அறிஞர்கள் வாதிட்டனர். பல்லாண்டுகள் நீடித்த அந்த வாதத்தில் இரு சாராரிடமும் உண்மை இருந்தது. பிறபொருளெதிரிகள் கிருமியின் மீது ஒட்டிக்கொள்ளும்போது தின்குழியங்கள் அதனை மேலும் எளிதாகப் பற்றி விழுங்குகின்றன. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், மறுசாராரின் போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது பொருத்தமே.

1916இல் தமது 71ஆவது வயதில் அவர் பாரிஸில் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

என் விரலில் ஒரு சிராம்பு குத்தி, அவ்விடம் சிவந்து வீங்கினால் இப்போது நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். அந்த வீக்கத்தினுள்ளே ஆயிரமாயிரம் கலங்கள் எனக்காகப் போராடுகின்றன. நான் கேட்காமலே அல்லாஹ் எனக்குள் வைத்த காவல் அது. வாழ்வை இருமுறை வெறுத்த ஒருவரே, உயிரைக் காக்க ஒவ்வோர் உடலுக்குள்ளும் நடக்கும் இந்த ஓயாத போராட்டத்தை உலகுக்குக் காட்டினார். பரீட்சையோ குடும்பக் கவலையோ நெஞ்சை அழுத்தும் நாளில், தோழியரே, மனதைத் திறந்து ஒருவரிடம் பேசுங்கள். நமக்கென எழுதப்பட்ட நற்பணி இன்னும் நமக்கு முன்னால் இருக்கக்கூடும்.