முற்றத்தில் பூத்த தமிழ்: ரசிகமணி டி.கே.சி.

குற்றால மலையில் வீழும் அருவிகளின் நீர் சிற்றாறாகப் பெருகிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கூடுகிறது. பின்னர் புன்னைக்காயலில் கடலைச் சென்றடைகிறது. அக்கழிமுகத்திற்குத் தெற்கே, உப்பளங்களின் வெண்மை சூழ அமைந்த ஊர் ஆறுமுகநேரி. குற்றாலச் சாரலில் வாழ்ந்து அங்கேயே மறைந்த ஒரு பெருமகனாரின் நினைவு இக்கடற்கரை ஊர்களின் தமிழன்பர்களுக்கும் உரிமையாகி நிற்பது, அந்த நீர்வழி போன்றதோர் உறவாலேயே எனலாம். அவரே ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். தமிழுலகம் அவரை டி.கே.சி. என்ற மூன்றெழுத்தால் அன்போடு அழைத்தது.

தென்காசியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், திருவில்லிபுத்தூரில், 1882-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் கட்சிக்காரரின் கட்டுகளைவிடக் கம்பரின் ஏடுகளே அவர் கையில் மிகுதியும் தவழ்ந்தன. 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். அதன்பின் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். இப்பதவிகள் யாவும் இன்று வரலாற்றுக் குறிப்புகளாக ஒதுங்கிவிட்டன. ஒதுங்காமல் நிலைத்தது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் குடியிருந்த வீட்டின் நடுமுற்றம் ஒன்றேயாகும்.

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றமும், அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அமைந்திருக்கும். அதனைத் தொட்டிக்கட்டு என்பர். நெல் காயவைப்பதும், வற்றல் பிழிவதும், குழந்தைகள் ஓடியாடுவதும், மழைநீர் விழுந்து ஓடுவதும் அவ்விடத்திலேதான். டி.கே.சி.யின் வீட்டில் அது வட்ட வடிவமாக அமைந்திருந்தது. 1924-ஆம் ஆண்டு முதல் ஞாயிறுதோறும் மாலை வேளையில் நண்பர்கள் அங்கே வந்து அமரலாயினர். வீட்டின் அமைப்பே கூட்டத்தின் பெயராயிற்று; வட்டத்தொட்டி பிறந்தது.

வட்டமாக அமர்ந்தோரிடையே முதலிடம், கடையிடம் என்பதில்லை. அந்த அவைக்குத் தலைவரில்லை, செயலாளரில்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை. வந்தவர் எவராயினும் ஒரு பாடலைச் சுவைக்கும் மனம் கொண்டுவந்தால் போதும். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பி.ஸ்ரீ., நீதிபதி மகாராஜன் போன்றோரின் தமிழ் அந்தத் தோழமையில் தழைத்தது. பின்னாளில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் முதல்வராக விளங்கிய அ. சீனிவாச ராகவனும் அவ்வட்டத்திற்கு நெருங்கியவர். இராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தோம்பலில் திளைத்த நண்பர்கள்.

டி.கே.சி. பாடம் சொன்ன முறையும் இல்லத்து இயல்பினதே. ஒரே பாடலை எடுத்துக்கொள்வார். ஒருமுறை சொல்வார், மறுமுறை பாடுவார், மீண்டும் ஒரு சொல்லில் நின்று தாளத்தைக் காட்டுவார். குழந்தைக்கு அன்னை ஒவ்வொரு கவளமாகப் பிசைந்து ஊட்டுவதைப் போன்றதோர் பரிவு அதில் இருந்தது. புணர்ச்சியால் இறுகிக் கிடந்த செய்யுள்களைச் சொற்பிரித்து அச்சிட்டு, எழுத்தறிந்த எவரும் தடையின்றிப் படிக்கச் செய்தார். பொருள் அகராதியிலிருந்து வரலாம். கவிதையின் உருவமும் உணர்ச்சியும் காதின் வழியாக இதயத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தம் கட்டுரைத் தொகுப்பொன்றுக்கு இதய ஒலி என்று பெயரிட்டது அக்கொள்கைக்கு இயைந்ததேயாகும்.

வீட்டில் பேசும் தமிழையே அவர் எழுத்திலும் கையாண்டார். அவர் எழுதிய கடிதங்களில் சாரல் தொடங்கிய செய்தியும், நண்பர் வீட்டு நலமும், கம்பரின் ஒரு விருத்தமும் ஒன்றையொன்று தழுவி நடக்கும். அவை அவர் மறைவுக்குப்பின் நூலுருப் பெற்று, தமிழ்க் கடித இலக்கியத்தின் அணிகலன்களாயின. நாஞ்சில் நாட்டில் அடக்கமாக வாழ்ந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களைத் தமிழர் அனைவரும் உணர்ந்து போற்றுமாறு ஓயாது எடுத்துரைத்தவரும் அவரே. தாய்மொழியில் பாடினால்தான் பாட்டு வீட்டுக்குள் வரும் என்ற எண்ணத்தோடு, 1940-களில் தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றார்.

இத்தகைய வாழ்வு குறையற்றதாக இருந்ததென்று கூறுவது உண்மைக்கு மாறாகும். கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றியமைத்தார். ஏட்டுச் சான்று நாடும் புலவர்கள் இதனைக் கடுமையாக மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஒருவருடைய சுவையுணர்வு எத்துணை நுட்பமாயினும் அது சுவடிக்கு ஈடாகாது. எனினும், கம்பரை அறிந்திராத பல்லாயிரம் வீடுகளுக்குக் கல்கி இதழின் வாயிலாக அப்பெருங்காவியத்தை அவர் கொண்டு சேர்த்தார் என்பதையும் மறுத்தற்கில்லை.

அவ்வாறே, வந்தோர்க்கெல்லாம் இலை விரித்த அந்த இல்லத்துப் பெண்மக்களின் உழைப்பையும் மறத்தலாகாது. முற்றத்தில் பாட்டு எழுந்த வேளையில் அடுக்களையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விருந்தும் கவிதையும் ஒரே கூரையின்கீழ் விளைந்தமையால்தான் வட்டத்தொட்டி சங்கமாகாமல் சுற்றமாக வளர்ந்தது.

அந்த வீட்டின்மீதே இடி விழுந்தது ஒருநாள். அவருடைய அருமை மகன் தீத்தாரப்பன் இளவயதிலேயே மறைந்தார். தமிழ்ச் சுவையிலும் தந்தைக்கு ஏற்ற மைந்தர் அவர். ஆறுதலாகக் கவிமணி ஒரு பாடல் எழுதி அனுப்பினார். மகனை இழந்த தந்தை அதனைப் படித்தார். அழுகையினூடேயும் அதன் கவிதையழகை உணர்ந்தார். நண்பர்களிடம் அதனைப் போற்றிப் பேசினார். இதனைக் கேட்டு வியந்தோரும் உண்டு. மனம் கலங்கினோரும் உண்டு. அவருக்கோ கவிதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கன்று. உண்ணும் சோறுபோல, இழவு வீட்டிலும் உயிரைத் தாங்கி நிறுத்தும் பொருளாக அது இருந்தது. ஞாயிறுதோறும் பிறருக்கு அவர் பகிர்ந்தளித்த தமிழ், தம் துயர்நாளில் ஒரு நண்பரின் கையால் அவருக்கே திரும்பி வந்தது.

தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். சாரல் காலத்தில் அங்கும் வீடு நிறைய விருந்தினர். விருந்தினர் நெஞ்சு நிறையக் கம்பர். 1954 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார்.

அவர் பதிப்பித்து உரை வகுத்த பழம்பாடல் தொகுதிகளுள் முத்தொள்ளாயிரமும் ஒன்று. சேர சோழ பாண்டியரைப் பாடும் அந்நூலில், தென்னவன் நாட்டு வளத்தைக் காட்டும் வெண்பா ஒன்று உண்டு. சங்கு ஈன்ற முட்டையும், புன்னையின் குவிந்த அரும்பும், இளங்கமுகின் பாளையிலிருந்து சிந்துவனவும் காண்போர் கண்ணுக்கு முத்துக்களாகவே தோன்றுகின்றன என்பது அதன் கருத்து. முத்துக் குளித்த கொற்கை, ஆறுமுகநேரிக்கு வடக்கே, ஆற்றின் அக்கரையில் இன்று கடலினின்று விலகிக் கிடக்கிறது. மன்னனின் முத்தும் முடியும் போயின. புன்னை இன்றும் மொட்டு விடுகிறது. கடற்கரையில் சங்கு இன்றும் ஒதுங்குகிறது. வீட்டு வாசலில் கிடக்கும் எளிய பொருளில் முத்தைக் காணும் அந்தக் கண்ணையே டி.கே.சி. தம் வட்டத்தினர்க்கு வழங்கிச் சென்றார்.

பத்தாண்டு நிறைவெய்தும் இலக்கிய வட்டம் எதுவாயினும், அதன் வலிமையை மேடையின் உயரத்தால் அளப்பதற்கில்லை. நடைக்கதவு திறந்திருக்கிறதா, பாய் விரித்திருக்கிறதா, புதிதாய் வந்தவர் அமர இடம் ஒதுங்கித் தரப்படுகிறதா என்பவையே அதன் அளவைகள். வண்ணார்பேட்டை முற்றத்தில் ஒருவர் எழுதிய கவிதை மற்றொருவரின் நெஞ்சில் பூத்தது. உப்பளத்து வெயிலில் உழைத்துத் திரும்புவோரின் வீட்டுத் திண்ணையிலும் அது பூக்கும். ஒரு பாடலைப் பகிர்ந்துண்ண இருவர் அமர்ந்தால் போதும்.