சுமையைப் பங்கு போட்டவர்

1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ந் தேதி.

பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. அமெரிக்காவில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் அயர்ந்து தூங்கிக் கொண்டிருந்தது. திடீரென்று பூமி குலுங்கியது. கட்டடங்கள் சரிந்தன. கூடவே நெருப்பும் பற்றிக் கொண்டது.

அணைக்கத் தண்ணீர் இல்லை! பூமி அதிர்ந்ததில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து போயிருந்தன. நாள் கணக்கில் தீ எரிந்தது. சுமார் 28 ஆயிரம் கட்டடங்கள் அழிந்தன. 2 லட்சம் பேருக்கு மேல் வீடு இழந்து தெருவில் நின்றார்கள்.

அவர்களில் பலர் தங்கள் வீட்டையும் கடையையும் இன்ஷூர் செய்திருந்தார்கள். அந்தப் பணம் வருமா, வராதா?

பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருந்த ஒருவருக்கும் இது பெரிய சோதனையாக இருந்தது. அவருக்கு அப்போது வயது 61. அவர் பெயர் கார்ல் தீமே.

இளமை

தீமே 1844-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி ஜெர்மனியில் எர்பர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்தவர்தான். தந்தை வழியில் மகனும் அதே தொழிலுக்கு வந்தார்.

எர்பர்ட் நகரில் "துரிங்கியா" என்று ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்தது. அதன் ஏஜெண்டாகத் தீமே பவேரியா மாநிலத்துக்குப் போனார். மியூனிக் நகரில் குடியேறினார்.

அந்தத் தொழிலில் உள்ள ஒரு பெரிய சிக்கல் அவர் கண்ணில் பட்டது.

என்ன சிக்கல்?

ஒருவர் தன் மில்லை 10 லட்சம் ரூபாய்க்கு இன்ஷூர் செய்வதாக வைத்துக் கொள்வோம். மில் எரிந்து போனால், கம்பெனி 10 லட்சத்தையும் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் பத்து மில்கள் எரிந்தால்? கம்பெனியே மூழ்கிவிடும்!

1842-ம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் பெருந்தீ ஏற்பட்டபோது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்த ஆபத்தை நேரில் கண்டன.

இதற்கு ஒரு வழி உண்டு. கம்பெனி 2 லட்சம் ரூபாய்ப் பொறுப்பைத் தான் வைத்துக் கொண்டு, மீதி 8 லட்சத்தை வேறு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம். பிரீமியத்திலும் அதற்கு ஏற்ற பங்கைக் கொடுத்துவிட வேண்டும். தீ விபத்து நேர்ந்தால், இரு கம்பெனிகளும் பங்கு போட்டுக் கொள்ளும். இதற்குத்தான் "மறு இன்ஷூரன்ஸ்" என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியே தனக்காகச் செய்து கொள்ளும் இன்ஷூரன்ஸ் இது.

ஆனால், போட்டிக் கம்பெனியிடம் பங்கு கொடுத்தால், தன் வாடிக்கைக்காரர்கள் யார் யார் என்பது அதற்குத் தெரிந்துவிடுமே! எந்த வியாபாரி இதற்குச் சம்மதிப்பான்? மறு இன்ஷூரன்சுக்கு என்றே சில கம்பெனிகள் ஏற்கனவே இருந்தன. ஆனால் அவற்றில் பல, ஏதாவது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிள்ளைகளாகவே இருந்தன.

யாருக்கும் சொந்தமில்லாத, யாரோடும் போட்டி போடாத ஒரு மறு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேண்டும் என்று தீமே நினைத்தார்.

ஐந்து பேருடன் ஆரம்பம்

யோசனை இருந்தது, பணம் இல்லை. வில்ஹெல்ம் பின்க் என்ற பாங்கு அதிபரும், தியோடர் கிராமர்-கிளெட் என்ற தொழில் அதிபரும் கை கொடுத்தார்கள். 1880-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி "மியூனிக் மறு இன்ஷூரன்ஸ் கம்பெனி" பிறந்தது. மூலதனம் 30 லட்சம் மார்க். மார்க் என்பது அந்நாளைய ஜெர்மன் நாணயம். தீமேயிடம் வேலை பார்த்தவர்கள் ஐந்தே பேர்!

தீமே ஒரு கொள்கை வைத்திருந்தார். ஒரே ஊரின் பாரத்தை மட்டும் சுமக்கக் கூடாது. தீ, கப்பல், விபத்து என்று எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்க வேண்டும். பல நாடுகளிலும் எடுக்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுத்தால் யாருக்கும் கை வலிக்காது அல்லவா?

1890-ல் லண்டனில் கிளை திறந்தார். அதே ஆண்டில் பின்க்குடன் சேர்ந்து, பெர்லினில் "அலையன்ஸ்" என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் தொடங்கினார். 1898-ல் அமெரிக்காவிலும் வியாபாரம் ஆரம்பமாயிற்று.

சோதனை வந்தது

எட்டே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ எரிந்தது.

வீடு விழுந்தது பூகம்பத்தால். தீயினால் அல்ல என்று வாதாடிச் சில கம்பெனிகள் பணம் கொடுக்க மறுத்தன. சில கம்பெனிகள் குறைத்துக் கொடுத்தன. சில திவாலாயின.

தீமேயின் கம்பெனி பணத்தைக் கொடுத்தது. மொத்தம் 1 கோடியே 10 லட்சம் மார்க்! ஆரம்ப மூலதனத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனாலும் கம்பெனி சாயவில்லை. மற்ற நாடுகளில் இருந்து வந்த பிரீமியம் அதைத் தாங்கிப் பிடித்தது. கம்பெனியின் நாணயம் உலகம் முழுவதும் தெரிந்தது.

1913-ல் மியூனிக் நகரில் பெரிய பூங்கா ஒன்றின் அருகே, கம்பெனிக்குச் சொந்த மாளிகை எழுந்தது.

போர் தந்த அடி

மறு வருஷமே உலகப் போர் மூண்டது. எதிரி நாடுகளில் இருந்த வியாபாரம் எல்லாம் பறிபோயிற்று. பல நாடுகளில் பரவியதுதான் தீமேயின் பலம். அந்தப் பலத்தின் மேலேயே அடி விழுந்தது.

முதியவர் மனம் தளரவில்லை. 1921 வரை பொறுப்பில் இருந்து கம்பெனியைக் காப்பாற்றினார். 1923-ல் ஜெர்மன் பணம் செல்லாக் காசாயிற்று. ஒரு அமெரிக்க டாலருக்கு 4 லட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது! அந்தக் கொடுமையையும் அவர் கண்ணால் கண்டார்.

1924-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, தீமே மியூனிக் நகரில் காலமானார். வயது 80.

ஐந்து பேருடன் அவர் தொடங்கிய கம்பெனி இன்று உலகின் மிகப் பெரிய மறு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஒன்று. எங்கோ புயல் அடித்தாலும், பூமி குலுங்கினாலும், அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அது சுமக்கிறது.

ஒருவரை நசுக்கும் சுமையை ஆயிரம் பேர் பங்கு போட்டால் தாங்கலாம். தீமே தன் வாழ்நாளில் செய்து காட்டியது இதைத்தான்.