பிசினில் பிறந்த புதுயுகம்



கெமிஸ்ட்ரி லேபில் மரமேஜை மேல் ஆசிட் சிந்தினால் கறுத்து அரித்துப்போகும். ஆனால் பீனாலிக், எபாக்ஸி பிசின்களில் செய்த மேஜைப்பலகை ஆசிட்டையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத இந்தச் செயற்கைப் பிசின் வம்சத்தைத் தொடங்கி வைத்தவர் லியோ பேக்லேண்ட்.

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது, ஆனாலும் பீஸ் கட்டிவிடுகிறார். அதனாலேயே இவர் கதை என் மனசைத் தொட்டது.

பேக்லேண்ட் 1863-ல் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். மாலை நேரத் தொழிற்பள்ளியில் படித்து, நகராட்சியின் உதவித்தொகை பெற்று, 1884-ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு 21 வயதுகூடத் தாண்டவில்லை!

1889-ல் மனைவி செலினுடன் அமெரிக்கா போனார். அங்கே ஒரே நேரத்தில் பல ஆராய்ச்சிகளில் கை வைத்தார், எதுவும் கைகூடவில்லை. கடன் ஏறியது, உடம்பும் கெட்டது. இனி ஒரே வேலையை எடுத்து முடிப்பது என்று தீர்மானித்தார். அப்படி உருவானதுதான் வேலாக்ஸ் போட்டோ பேப்பர். அதை 1899-ல் ஈஸ்ட்மனிடம் பெருந்தொகைக்கு விற்றார்.

பணம் வந்ததும் சும்மா இருந்தாரா? இல்லை! மின்சாதனக் காப்புக்கு அன்று இந்தியாவிலிருந்து போன அரக்கைத்தான் நம்பியிருந்தார்கள். அதற்கு மாற்று தேடினார்.

பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் குடுவையில் கெட்டிப் பிசின் ஒட்டிக்கொள்ளும். 1872-லேயே ஜெர்மன் விஞ்ஞானி பேயர் இதைப் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. சூடு ஏறினால் நுரைத்துப் பாழாகும் என்று மற்றவர்கள் சூட்டைக் குறைத்தார்கள். இவரோ மூடிய பாத்திரத்தில் சூட்டோடு அழுத்தத்தையும் ஏற்றினார். நுரை அடங்கியது. 1907-ல் பேக்லைட் பிறந்தது! சுவிட்சு, பிளக்கு, ரேடியோப் பெட்டி, டெலிபோன் என்று உலகமெங்கும் பரவியது. பிசினில் நனைத்த காகித அடுக்குகளை அதே சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கித்தான் பீனாலிக் லேப் மேஜைகள் இன்றும் தயாராகின்றன. எபாக்ஸி பிறகு வந்த தம்பி.

1939-ல் கம்பெனியை விற்று ஓய்வு பெற்ற அவர், 1944-ல் தமது 80-ஆம் வயதில் மறைந்தார்.

நண்பா, அரியர்ஸ் இருக்கே, வீட்டில் கஷ்டமாச்சே என்று பாதியில் நின்றுவிடாதே. சூடு மட்டும் இருந்தால் நுரைதான் மிஞ்சும். விடாமல் அழுத்திப் பிடித்தவனுக்கே பிசின் இறுகியது. நமக்கும் இறுகும்!