சாவி கொடுக்காத வாட்ச்

பிளேஸ்டோவில் ட்யூப் ஏறி உட்கார்ந்ததும் என் ஆட்டோமேட்டிக் வாட்ச்சைக் கழற்றி, பின்பக்கக் கண்ணாடி வழியே உள்ளே ஆடும் எடையைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட கைக்கடிகாரத்தை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட்.

1893-இல் போல்டனில் பிறந்தவர், முதல் உலகப் போரில் சிப்பாய். சாவி கொடுக்கும் திருகு வழியாத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகுதுன்னு கண்டுபிடித்தார். திருகையே எடுத்துவிட்டார். கை அசைந்தால் எடை ஆடும். சுருள்வில் தானாக முறுக்கிக்கொள்ளும். நேரம் மாற்ற, முகப்பு வளையத்தைத் திருப்பணும்.

1924-இல் சுவிஸ் காப்புரிமை கிடைத்தது. 1931-இல், உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கம்பெனி மூழ்கியது. முழுவட்டம் சுற்றும் எடையோடு வந்த ரோலக்ஸ் பேர் வாங்கியது. ஹார்வுட்டுக்கு பிரிட்டிஷ் கடிகாரக் கழகத்தின் தங்கப் பதக்கம் 1957-இல்தான் வந்தது.

முதல் வெர்ஷன் எழுதியவரை நம்ம ஆபீஸிலும் யார் ஞாபகம் வச்சிருக்கோம்?