தஞ்சை தந்த பேரறிஞர் ஜே. சி. குமரப்பா

சோற்றுக்குப் பெயர்போன தஞ்சைத் தரணியிலே, 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். முன்னோர் பெயராகிய குமரப்பா என்பதைப் பின்னாளில் சூடிக்கொண்டு, விஞ்ஞானமும் இயந்திரமும் எதுவரை போகலாம் என்று நாட்டையே கேட்டவர் இவர்தாம்.

இலண்டனில் கணக்கியல் பயின்று பம்பாயில் தணிக்கையாளராக விளங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் கற்றார். இந்தியாவின் வறுமை பற்றி அங்கு எழுதிய ஆய்வுரையோடு 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடை போய்க் கதர் வந்தது. 1934-இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தபோது அதன் செயலாளரானார்.

அவரை இயந்திரத்தின் பகைவர் என்று சிலர் எண்ணுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கு, செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என வார்தாவில் நடந்தவை யாவும் விஞ்ஞான ஆராய்ச்சிகளே. மனிதனின் பிழைப்பையும் மண்ணின் வளத்தையும் பறிக்கும் இயந்திரத்தையே அவர் வேண்டாம் என்றார்.

நம் பகுதியினருக்கு எளிதில் விளங்குவது அரிசிக் கதை. ஆலையில் வெள்ளைவெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு பி1 வைட்டமின் போய்விடுகிறது. அச்சத்துக் குறைந்தால் வருவது பெரிபெரி நோய். ஆதலால் கைக்குத்தல் அரிசியை உண்ணுங்கள் என்று குமரப்பா ஊர் ஊராக வற்புறுத்தினார். (நம் வீட்டுப் புழுங்கல் அரிசி ஓரளவு தப்பிவிடுகிறது, அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடும்!) டிராக்டரைப் பற்றியும் அவர் கேட்டது எளிய கேள்விதான்: மாடு உழும், சாணமும் தரும்; டிராக்டர் சாணம் போடுமா?

1942 போராட்டத்தில் சிறை சென்றபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றியும் இயேசுபிரானின் போதனைகள் பற்றியும் நூல்கள் எழுதினார். தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் நிலக்கரியையும் பெட்ரோலையும் நம்பிய வாழ்வு போரில்தான் முடியும் என்பது அவர் கணிப்பு.

மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், இறைவனடி சேர்ந்தார். அந்த ஆண்டிலேதான் தஞ்சாவூர் மாவட்டத்திற்குப் பேக்கேஜ் திட்டம் வந்தது. உரமும் பூச்சிமருந்தும் வயலுக்குள் நுழைந்தன. விளைச்சல் பெருகியதை மறுப்பதற்கில்லை. அவ்விடத்தில் குமரப்பாவோடு நாம் முழுதும் ஒத்துப்போக இயலவில்லை.

ஆனால் இன்று வேளாங்கண்ணியைச் சுற்றிலும் அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒரு பகல் முழுதும் பல பெண்கள் அறுக்கும் வயலை அவை விரைவில் முடித்துவிடுகின்றன. ஆள் கிடைப்பதில்லை, மழை வந்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும் என்கிறார்கள் நிலம் உடையவர்கள், அதுவும் உண்மையே. அரிவாளோடு வரப்பில் நிற்கும் அக்காமார்களுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று குமரப்பா கேட்டிருப்பார். அதற்கு நம்மிடம் இன்னும் விடை இல்லை.