சாலையே வீடாக வளர்ந்த பண்டித ரமாபாய்

கட்கியிலிருந்து ஊருக்குப் புறப்படும் தமிழர்கள் புனேயில் ரயில் ஏறினால், தவுண்ட் வருமுன் கேட்காவ் என்ற சிறு நிலையத்தைக் கடக்கிறார்கள். பண்டித ரமாபாய் கண் மூடிய ஊர் அது.

1858-ல் பிறந்தவர். மனைவிக்கு வடமொழி கற்பித்ததற்காக வைதிகர்களின் பகையைத் தேடிக்கொண்டவர் தந்தை அனந்த சாஸ்திரி. செல்வம் கரைந்ததும், குடும்பத்தோடு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று புராணம் படித்தார். கைக்குழந்தையான ரமாபாயைப் பிரம்புப் பெட்டியில் வைத்துச் சுமந்து போனார்கள். போகும் வழியே பள்ளிக்கூடம், தாயே ஆசிரியை.

1874-ல் பஞ்சம் தாக்கியது. வேறு தொழில் தெரியாது. பிச்சை கேட்க நா எழவில்லை. தந்தை, தாய், அக்காள் அடுத்தடுத்து மாண்டனர். தாயைச் சுமக்க ஆள் போதாமல் மகளே தோள் கொடுத்தார். மிஞ்சிய அண்ணனுடன் கால்நடையாக அலைந்து, 1878-ல் கல்கத்தா சேர்ந்தார். அங்கே அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதை', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை அளித்தனர்.

1880-ல் அண்ணனும் இறந்தார். மணமாகி இரண்டு ஆண்டு நிறையுமுன் கணவரும் போனார். 1883-ல் இங்கிலாந்தில் மகள் மனோரமாவுடன் கிறிஸ்தவரானார். விதவைகளுக்காக 1889-ல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதன் மறு ஆண்டே புனேக்கு வந்தது.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் புறப்பட்டார். தம் வீட்டாரைக் கொன்ற அதே பசியிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டு, கேட்காவில் குடியமர்த்தினார். அதுவே முக்தி இல்லம். விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்த்தார். 1922 ஏப்ரல் 5-ல் மறைந்தார். வழியில் வளர்ந்தவர் எழுப்பிய அந்த வீடு இன்றும் நிற்கிறது.