கால்பந்து வாத்தியார் ரஹீம்

நம் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தயாராகும் தோல் காலணிகள் கடல் கடந்து போகின்றன. ஆனால், நம் நாட்டுக் கால்பந்து வீரர்கள் பலர் ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிலேயே வெறுங்காலுடன் ஆடினார்கள், தெரியுமா? அவர்களை ஆசியாவின் முதல் அணியாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் கால்பந்து ஆடினார். பிறகு ஆசிரியரானார், உடற்கல்வியும் பயின்றார். ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு அவர் பயிற்சி அளித்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அவர் பயிற்சி தந்த விதமே தனி. வலக்கால் பழக்கம் உள்ளவர்களை இடக்காலால் மட்டுமே உதைக்கச் சொல்லிப் போட்டி வைப்பார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடாமல் உடனே அடுத்தவருக்குத் தரவேண்டும் என்றும் போட்டி வைப்பார். பலவீனத்தைப் பலமாக்குவதும், கூடி ஆடுவதும் அவருடைய பாடங்கள்.

1950-இல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். மறு ஆண்டே டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் படுதோல்வி! அதன் பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமானது. ரஹீம் அணியைப் புதிதாகச் செதுக்கினார். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று இந்தியா நான்காம் இடம் பிடித்தது.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. பின்னர் முன்வரிசையில் ஆடவைத்தார். இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியா! பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

புற்றுநோய் வாட்டிய நிலையில், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். அவர் வாழ்க்கை 2024-இல் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படமாக வந்தது.

குழந்தைகளே, தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மனம் தளராதீர்கள். எங்கே தவறினோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பத்து கோல் வாங்கிய அணியையே தங்கம் வெல்ல வைத்தார் ஓர் ஆசிரியர்!